வெள்ளையடித்த சுவருக்குள் ஒரு கடல்

என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் எனக்காக எழுதித் தரவில்லை. கை என்னுடையது. மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகிற வரிகளைப் பார்த்தவுடனேயே நீ அதைக் கண்டுபிடித்திருப்பாய். கோயில் மண்டபத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள். போன தவக்காலத்தில் தொடங்கியது. அறுபத்தெட்டு வயதில் நான் முன் வாங்கில் இருக்கிறேன். பின் வாங்கில் இருந்தால் பலகை தெரியாது. இப்போது என்னை ஒன்றும் மறிக்க முடியாது. பஸ்ஸின் நெற்றியை வாசிக்கிறேன், சவர்க்காரப் பெட்டியை வாசிக்கிறேன், சீமெந்துப் பையை முன்னும் பின்னும் வாசிக்கிறேன். சேமக்காலையில் உன் அம்மாவின் சிலுவையில் அவள் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்த அன்று, இத்தனை வருடமும் அந்தப் பெயருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அதைக் காணாமலே திரும்பி வந்திருக்கிறேனே என்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் குழிக்குப் பூ வைக்க வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கலியாணம் செய்யப்போகிறேன், மார்கழியில் அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீ போனில் சொன்னாய். கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு வார்த்தை எழுத வேண்டும். எழுத முன்பு நீ எனக்கு என்ன எழுதினாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்காகப் பிஸ்கற் தகரத்தில் கிடந்த உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வயதில் உன்னைப் பெரியம்மாவோடு நோர்வேக்கு அனுப்பியதிலிருந்து நீ எழுதியவை எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மா இருந்தவரை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் போன பிறகு அவளுடைய தம்பி, உன் சின்ன மாமா வாசித்தார். இப்போது நானே வாசிக்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள், சிலவற்றுக்கு மூன்று நாள். சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த முதல் வருடம் ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கம். மாமா அன்று அதை வாசித்துவிட்டுச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "சுகமா இருக்கிறாவாம். சரியான குளிராம். வேலை கூடவாம். எல்லாரையும் கேட்டதாம்." இதைச் சொல்ல என் பிள்ளைக்கு நாலு பக்கம் ஏன் தேவைப்பட்டது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் சுகமும் குளிரும் இருந்தன. மாமா பொய் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் நீ உன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். நான் இத்தனை காலமும் ஊரில் என்ன சொல்லித் திரிந்தேன் தெரியுமா? என் மகள் காலநிலைக் கந்தோரில் மழை பார்க்கிறாள் என்று. கரையில் மீன் வாடியில் இருக்கிறவர்கள் என்னைக் கண்டால் விடமாட்டார்கள். "அண்ணை, மகளிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, நாளைக்கு வலை போடலாமோ?" என்பார்கள். நானும் போனில் கதைத்த அடுத்த நாள் பெரிய ஆள் போல வானத்தைப் பார்த்து ஏதாவது சொல்வேன். நீ எழுதியிருந்தாய்: "அப்பா, நாளைக்கு மழையா என்று பார்ப்பது என் வேலை இல்லை. ஒரு இலட்சம் வருடத்துக்கும் முந்திய ஒரு கோடையைத்தான் நான் பார்க்கிறேன்." இலட்சம் என்ற சொல்லை நான் பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்து மூன்று தரம் திரும்பக் கூட்டினேன். பிறகு கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

நீ கணினிக்குள் ஒரு உலகத்தை வைத்திருக்கிறாயாம். கடலையும் காற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெயில் எவ்வளவு, உப்பு எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு தடிப்பு என்று கொடுத்து, அந்த உலகத்தை வருடக் கணக்காக ஓட விடுவாயாம். அந்தப் பழைய காலத்தில் பூமி சூரியனைச் சுற்றுகிற பாதையும் அதன் சாய்வும் கொஞ்சம் வேறாக இருந்ததால், வடக்கின் கோடைக்கு இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலான வெயில் கிடைத்ததாம். மனிதர் ஒருவரும் ஒரு போத்தல் எண்ணெய் எரிக்காத காலம். அப்படியிருந்தும் உலகத்தின் உச்சியில் கடல்மேல் கிடக்கிற பனி எவ்வளவு உருகியது, கோடை முடிய ஏதாவது மிஞ்சியதா என்பதுதான் உன் கேள்வி. மகள், வடக்கே உறைந்துபோன கடல் ஒன்று இருப்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அது ஒருமுறை இல்லாமலே போயிருக்கக்கூடும் என்பதையும் அதே பின்னேரத்தில் அறிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்தது இன்னும் உலுப்பியது. வேறு வேறு நாடுகளில் வைத்திருக்கிற கணினி உலகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லையாம். எல்லாவற்றுக்கும் அதே பழைய வெயிலைக் கொடுத்தாலும், ஒன்றில் கோடைக் கடைசியிலும் பனி நிற்கிறது, இன்னொன்றில் ஒரு துண்டும் இல்லை. இவ்வளவு படித்தவர்கள் ஒன்றாக இருந்து, இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன்தான் அடித்துச் சொல்வான். வித்தியாசத்துக்கு ஒரு காரணம், பனியின்மேல் தேங்குகிற தண்ணீர் என்று எழுதியிருந்தாய். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி எறியும். அது உருகி மேலே குட்டையாக நின்றால் அந்தக் குட்டை வெயிலைக் குடிக்கும். குடித்த வெயில் அடியில் இருக்கிற பனியைத் தின்னும். அந்தக் குட்டைகளை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறதாம்.

இந்த இடத்தில் நான் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தேன். கடல் தடை இருந்த வருடங்களில் நான் தீவிலே உப்பளத்தில் கூலிக்கு நின்றவன் அல்லவா? மத்தியானம் உப்புப் பூத்த பாத்தியைப் பார்க்க முடியாது, கண் கூசித் தண்ணீர் வரும். ஆனால் அந்த உப்பின்மேல் கணுக்கால் நனையாத அளவு தண்ணீர் நின்றால் வெள்ளை மங்கிப்போகும், கண் திறந்து பார்க்கலாம். கண்ணுக்கு வந்த சுகம் காலுக்கு இராது. அந்தத் தண்ணீர் சுடும். கூசாத பாத்தியில்தான் கால் வேகும் என்று எங்களுக்குள் கதைத்துக்கொள்வோம். நீ உலகத்தின் உச்சியில் தேடுகிற ஒன்றை நான் வெறுங்காலோடு மிதித்திருக்கிறேன். அடுத்த வகுப்பில், எங்களுக்குப் படிப்பிக்கிற சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவ சோக்கால் பலகையில் 'பனி' என்று எழுதினா. பின் வாங்கில் இருந்த ஒருவர், "இவர் ஆனா ஆவன்னா முடிய முதல் பனிக்கடலுக்குப் போயிட்டார்" என்று சொல்ல மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது நான் மூன்றாம் பக்கத்தை வாசித்திருக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தில் தொடங்கி நாலாம் பக்கம் முடிய நீ எழுதியிருந்ததை அப்படியே இதில் பார்த்து எழுதுகிறேன். நான் உண்மையாகவே வாசித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "கடலில் மிதக்கிற பனி உருகினால் கடல் உயராது, அப்பா. கிளாசில் மிதக்கிற ஐஸ் கரைந்து தண்ணீர் வழிவதில்லையே, அதுபோலத்தான். ஆனால் அந்த வெக்கை தரைமேல் கிடக்கிற பனியையும் உருக்கும். அது ஓடிவந்து கடலில் சேர்ந்தால் கடல் உயரும். எங்கள் கணினி சொல்வது சரியா என்று பார்க்க அந்தக் காலத்தின் சாட்சிகள் வேண்டும்: கடலடிச் சேறு, பழைய பவளம், பழைய கரையில் கிடக்கிற சிப்பி. எனக்கு ஆறு வயதில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது அடியிலிருந்து வெள்ளைச் சிப்பி கூடை கூடையாக வந்தது ஞாபகம் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற ஒருவர் பழைய கரைகளைத் தேடுகிறவர், சொன்னவுடனே கேட்டார். அது அந்த மிகப் பழைய காலத்ததாக இருக்கலாம், அதற்குப் பிறகு வந்த இன்னொரு வெப்ப காலத்ததாக இருக்கலாம், புயல் கொண்டுவந்து போட்டதாகவும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். வீட்டு வேலைக்குக் கிடங்கு வெட்டும்போது சிப்பி வந்தால் கிளறாமல் விடுங்கள். ஆட்கள் வந்து பார்ப்பார்கள். எனக்கு மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். நிலத்திலிருந்து எவ்வளவு ஆழம்? குவியலாகக் கிடக்கிறதா, படுக்கையாகப் பரந்து கிடக்கிறதா? இரண்டு மூடியும் சேர்ந்தபடி இருக்கிறதா, பிரிந்து இருக்கிறதா?"

என்ன நடந்தது என்பதை நீ அரைவாசிதான் அறிவாய். மற்ற அரைவாசியையும் கேள். அந்தக் கடிதம் வந்து இரண்டு மாதத்தில் வீட்டுத்திட்டம் கிடைத்தது, வீடு கட்டக் காசு தந்தார்கள். கக்கூசுக் குழி வெட்டும்போது என் நெஞ்சளவு ஆழத்தில் மண்வெட்டி கறகறத்தது. வெள்ளைச் சிப்பி. மாமா மேலே நின்று எட்டிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"அத்தான், இது முத்துக் குளிச்ச ஆக்கள் உடைச்சுப் போட்ட குவியல். வெளியில மூச்சு விடாதேங்கோ."

"ஏன் மச்சான், எங்கட ஆக்கள் விட்டுப் போனதெண்டா பெருமைதானே?"

"பெருமையை வைச்சு என்ன செய்யிறது? பழம்பொருள் எண்டு கந்தோரால வந்து நாலு கல்லு நட்டாங்களெண்டா நீங்களும் நானும் திரும்ப முகாமுக்குப் போக வேண்டியதுதான்."

எங்கோ ஒரு ஊரில் அப்படி ஒரு காணி போனது என்று முகாமில் கேட்ட கதை. உண்மையோ பொய்யோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாலு இடம் மாறி, கடைசியில் சொந்த மண்ணில் கால் வைத்த ஆட்களுக்கு அந்தக் கதையே போதும். எங்கள் முன்னோர் விட்டுப்போன குவியல் என்ற பெருமை என் ஒரு கண்ணை மூடியது, காணி போய்விடும் என்ற பயம் மற்றக் கண்ணை மூடியது. இரண்டு நாளாக அள்ளினோம். உடைமர விறகு அடுக்கிச் சூளை வைத்தோம். எரியும்போது பட்பட்டென்று வெடித்தது. தம்பிரானுக்குத் திருநாள் வெடி கொளுத்துகிறார்கள் என்று மாமா பகிடி விட்டார். தண்ணீர் ஊற்றியபோது சீறிப் பொடிந்து பால் போல நல்ல சுண்ணாம்பு. வீடு முழுவதும் வெள்ளையடித்தோம். ஊரில் அப்படி ஒரு வெள்ளை வேறு எந்த வீட்டுக்கும் இல்லை.

பிறகு நீ போனில் கேட்டாய், "அப்பா, சிப்பி ஏதும் வந்ததோ?" என்று. நான், சின்ன வயது ஞாபகத்தில் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, நிறைய. எரிச்சு வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "பரவாயில்லை அப்பா" என்றாய். அதற்குப் பிறகு உன் போன்கள் சிறுத்துப் போயின. சுகமோ, சுகம், சாப்பிட்டீங்களோ, சாப்பிட்டன். வேலை கூடியிருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கடைசி இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தபோதுதான் அந்தச் சத்தமில்லாத இடம் எனக்குக் கேட்டது. நீ எழுதிக் கேட்டதை நான் அறிந்திருந்தும் எரித்துப் போட்டேன் என்று மூன்று வருடம் நினைத்திருக்கிறாய். நினைத்துக்கொண்டும் மாதாமாதம் போன் எடுத்திருக்கிறாய்.

கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம், மாமாவின் வளவுக்குப் போனேன். மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்தார்.

"வாசிச்சிட்டியளோ?"

"நாலு பக்கமும்."

"நானும் அண்டைக்கு வாசிச்சனான், அத்தான். ஒரு எழுத்து விடாமல் மனசுக்குள்ள வாசிச்சனான். 'ஆட்கள் வந்து பார்ப்பார்கள்' எண்ட இடத்தில எனக்கு வாய் நிண்டிட்டுது. எத்தினை ஆக்கள் வந்து பாத்தவங்கள் எங்களை? ஒருத்தன் எண்டாலும் பாத்திட்டுச் சும்மா போனவனோ?"

"என்ர பிள்ளை கேட்டதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

மகள், இதுதான் என் கடிதத்தின் பாரமான இடம். அன்று கொட்டிலில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. நீ கேட்டதை அவர் முழுவதும் வாசித்துக் காட்டியிருந்தாலும் நானும் அள்ளி எரித்திருப்பேனோ என்னவோ. பிழையை மாமாவின் தலையில் முழுவதாக வைத்துவிட்டு உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. நீயும் வைக்காதே.

சிப்பி வந்த முதல் குழி கிணற்றுக்குக் கிட்ட என்று வீட்டுத்திட்டத்திலிருந்து பார்வையிட வந்தவர் சொன்னதால் அதை விட்டுவிட்டு வேறு குழி வெட்டினோம். பழையதன்மேல் பலகை போட்டுவைத்திருந்தோம். அடுத்த நாள் காலை பலகையைத் தூக்கினேன். ஏணி வைத்து இறங்கினேன். சுவரிலே, நாங்கள் அள்ளாத பக்கத்தில், ஒரு சாண் தடிப்பில் வெள்ளைக் கோடு. விளக்குமாற்று ஈர்க்கால் மெல்லத் தட்டினேன். மண் உதிர உதிர சிப்பி தெரிந்தது. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் மூடியிருந்தது. இரண்டு மூடியும் வாய் சேர்ந்து, இடையில் மயிர் போக இடமில்லாமல்.

என் அப்பு, உன் அப்பப்பா, முத்துக் குளித்தவர். முத்துக் குளிக்கிறவன் சிப்பியைத் திறக்காமல் எறிவானா? திறப்பதற்காகத்தானே மூச்சை அடக்கி அடிக்குப் போகிறான். அதை அறிந்த வீட்டில் பிறந்த நான், கூடை கூடையாக மூடிய சிப்பியை அள்ளிக்கொண்டு, முன்னோர் உடைத்த குவியல் என்று நம்பினேன். இதை மனிதர் தொட்டதே இல்லை. உயிரோடு இருந்த இடத்திலேயே மண் மூடிக் கிடந்தது. என் நெஞ்சளவு ஆழத்தில், கடல் இன்றைக்கு எட்டாத இடத்தில், ஒரு கடல் இருந்திருக்கிறது. நான் அதன்மேல் படுத்து எழும்பியிருக்கிறேன். சூளையில் பட்பட்டென்று வெடித்தது அந்த மூடிய வாய்கள்தான் என்று அப்போது விளங்கியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

மேலே வந்து மாமாவிடம் சொன்னேன். "மூடினபடி கிடக்கு, மச்சான். குவியலும் இல்லை, பழம்பொருளும் இல்லை. நாங்கள் சும்மா பயந்திருக்கிறம்."

"வாறவங்களுக்கு அது தெரியுமோ? படுக்கை என்ர வளவுக்குள்ளயும்தான் போகுது."

"மகள் எழுதிக் கேட்டதுக்கு இந்த முறை நான் பதில் போடுவன். காணிக்கு ஏதும் வந்தா, ரெண்டு பேருமாப் போய் நிப்பம். இப்ப எனக்கு வாற கடுதாசியை வாசிக்கத் தெரியும்."

"பெரிய படிப்பாளி" என்று சொல்லிவிட்டு அவர் வலையைக் கையில் எடுத்தார்.

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கிழக்கே, கொண்டல் பக்கம் கறுத்தது. மூன்று வருடத்தில் பலகைகள் உக்கிப்போயிருந்தன, இனி மழை இறங்கினால் நான் தட்டி இளக்கிய அந்த மணற்சுவர் ஒரே பாட்டத்தில் சரிந்துவிடும் என்று நான் பலகைகளை இழுத்துக்கொண்டிருந்தேன். மாமா வேலிக் கதியாலை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் முகாமில் தந்த தறப்பாள், அவர் பெட்டகத்துக்குள் மடித்து வைத்திருந்தது. திரும்பவும் ஓடவேண்டி வந்தால் தேவைப்படும் என்று ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "அந்த மூலையைப் பிடியுங்கோ, அத்தான்" என்றார். குழியை மூடி நாலு பக்கமும் கல் வைத்தோம். நீ வரும்போது அவருக்கு ஏதாவது கொண்டு வா.

கலியாணத்துக்கு எழுத நினைத்த புத்தி இப்போது ஒன்றாகத்தான் மிஞ்சியிருக்கிறது. உன்னைக் கட்டப்போகிறவர் அந்தப் பழைய கரைகளைத் தேடுகிறவர்தான் என்று போனில் சொன்னாய். நல்லது. அவரைப் பயப்படுத்தும் என்று நினைத்து எதையும் வாசிக்காமல் விடாதே. சுகம், குளிர் என்று சுருக்கிச் சொல்லாதே. அவர் சொன்னது நோகச் செய்தால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் இருக்காதே, திரும்பக் கேள். உன்னுடைய அந்தக் கணினி உலகங்கள் ஒத்துப்போகாதபோது நீங்கள் செய்வதைத்தான் வீட்டிலும் செய்ய வேண்டும் போல. யார் சரி என்று சண்டை பிடிக்காமல், கீழே என்ன கிடக்கிறது என்று இரண்டு பேருமாக இறங்கிப் பாருங்கள்.

நீ வந்து வீட்டுச் சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும். தட்டிவிடாதே என்று சொல்ல வாய் வருகிறது. அதில் எதையும் இனித் திருப்பி எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சிப்பி வெள்ளை ஒரு பக்கமாவது நிற்கட்டும் என்று தெற்குச் சுவரை மாத்திரம் இந்த வருடம் திரும்ப அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

நீ கேட்ட மூன்றுக்கும் மூன்று வருடம் பிந்திப் பதில் எழுதுகிறேன். ஆழம்: பூவரசந்தடி ஒன்றை நிலத்திலிருந்து வெள்ளைக் கோட்டின் மேல் விளிம்பு வரை பிடித்து வெட்டியிருக்கிறேன், கதவுக்குப் பின்னால் நிற்கிறது, நீ வந்து அள. கிடக்கிற விதம்: படுக்கையாக, என் வளவையும் மாமாவின் வளவையும் பாராமல், வேலிக்கு அடியால் போகிறது. மூன்றாவது: மூடியபடிதான் இருக்கின்றன, மகள். ஒன்றையும் நான் திறக்கவில்லை.

அப்பா